ஹோட்டல் காசியில் முதல் இலை

என் தம்பி சாந்திகுமார் நமக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்பினால் கொஞ்சம் பயப்பட வேண்டும். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், ஐப்பசியில், மழை பெய்வதும் நிற்பதுமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடையை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தான். வந்ததும் வராததுமாக, "அக்கா, செங்கம் ரோட்டுல புதுசா ஒரு ஓட்டல் தெறந்துருக்காங்க. ஃபேமிலி ரூமெல்லாம் இருக்குது. இன்னிக்கு மாமாவ இட்டுக்கினு போ" என்றான்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

நான் கேட்டது நியாயம்தான். நாங்கள் நயினார்கள், வந்தவாசிப் பக்கத்துச் சமணர்கள். கிழங்கு, வெங்காயம், பூண்டு என்று மண்ணுக்குள் விளைகிற எதையும் தொட மாட்டோம். துணியில் வடிகட்டாத தண்ணீரைக் குடிக்க மாட்டோம். பொழுது சாய்ந்துவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வாயைக் கட்டிக்கொள்வோம். திருவண்ணாமலைக்குக் குடிவந்து இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் ஓட்டல் படியை மிதித்ததில்லை. ஓட்டல் இருக்கும் தெருவில் நடந்தால்கூட நான் மூக்கைப் பிடிக்காத குறைதான்.

"எல்லாம் பேசி வெச்சிட்டேன்க்கா. ஓட்டல்காரர் சகாதேவன் நம்ம ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான், நம்ம பழக்கமெல்லாம் தெரியும். வெங்காயம் பூண்டு இல்லாம தனியா செஞ்சி தரேன்னாரு. தண்ணிய நீயே எடுத்துக்கினு போ. பொழுதோட போயிட்டு பொழுதோட வந்துடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மாமாவப் பாத்தியா? சட்ட தோள்ல நிக்க மாட்டேங்குது. எடம் மாறினா ரெண்டு வாய் சாப்பிடுவாருக்கா."

கூஜாவைத் துலக்கப் போனேன்.

ஆனி மாதம் எங்கள் ஒரே பெண் ஜினமதி போய்விட்டாள். மூளைக் காய்ச்சல். எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்த பெண், திங்கட்கிழமை தலை வலிக்கிறது என்றாள், அந்த வாரம்கூடத் தாண்டவில்லை. என் கணவர் நேமிநாதன் மின்சார வாரிய ஆபீசில் கிளார்க். அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் ஒவ்வொன்றாக விட ஆரம்பித்தார். முதலில் வெல்லத்தை விட்டார். ஆடியில் பாலும் தயிரும் போயின. நெய் வேண்டாம் என்றார், பிறகு எண்ணெயும் வேண்டாம் என்றார். புரட்டாசியில் ஒரு நாள் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "இனிமே உப்பும் வேணாம் குசுமா" என்றார். நோன்பு என்று சொல்லிவிட்டால் எங்கள் வீடுகளில் எதிர்ப் பேச்சு கிடையாது. விடுவது எங்களுக்குப் புண்ணியம். உறவுக்காரர்கள் வந்து, "நேமிநாதனுக்கு எப்பேர்ப்பட்ட வைராக்கியம்" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். அவர்களை விளக்குமாற்றால் அடிக்கலாம் போல இருந்தது எனக்கு. அது வைராக்கியமும் இல்லை, மண்ணும் இல்லை. மனுஷர் சத்தம் போடாமல் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு வேளை கஞ்சி மட்டும்தான் பாக்கி இருந்தது. அதையும் விட்டுவிட்டால் அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களில் இறந்தவர்களுக்குச் சோறு வைக்கும் வழக்கம் கிடையாது. காக்கைக்கு வைப்பது, படையல் போடுவது, திதி எதுவும் இல்லை. உயிர் ஒரு கூட்டை விட்டதும் கண் மூடித் திறப்பதற்குள் இன்னொரு கூட்டில் போய்ச் சேர்ந்துவிடும். நடுவில் நின்று யாருக்காகவும் காத்திருக்காது. சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஜினமதி போன அன்று இதையேதான் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். அதாவது, என் பெண் ஏற்கெனவே வேறு யாருடைய வயிற்றிலோ இருக்கிறாள். இதில் எனக்கு என்ன ஆறுதல் இருக்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கிளம்பினோம். அவர் மறுக்கவில்லை. எதையும் மறுக்கிற தெம்பே அவரிடம் இல்லை. வடிகட்டிய தண்ணீரைக் கூஜாவில் எடுத்துக்கொண்டேன். மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. சூரியன் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. நான்தான், "சீக்கிரம் நடங்க, பொழுது சாஞ்சிடும்" என்று விரட்டிக்கொண்டு போனேன்.

ஹோட்டல் காசி. புதுப் பலகை, சிவப்பு எழுத்து. உள்ளே சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. நாங்கள் படியேறும்போது கரண்ட் போனது. கல்லாவில் உட்கார்ந்திருந்த சகாதேவன் எழுந்து வந்து கும்பிட்டார். நரைத்த தலை, வெயிலில் உழைத்த உடம்பு. ஓட்டல் முதலாளி என்பதற்கான தொப்பையே இல்லை.

"வாங்க நயினாரே, வாங்கம்மா. சித்த நேரம் உக்காருங்க. ரூமு இன்னும் தெறக்கல, தோ தெறந்துடறேன்" என்றார்.

நான் விடுவேனா? பருப்பை எந்தப் பாத்திரத்தில் வைத்தீர்கள், பெருங்காயத்தில் பூண்டு வாசனை இல்லையே, வெங்காயம் நறுக்கிய கத்தியைக் கழுவினீர்களா என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் என் கணவரைக் காணவில்லை. ஸ்பிரிங் கதவு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மேலே 'ஃபேமிலி ரூம்' என்று எழுதியிருந்தது.

சகாதேவனின் முகம் மாறியது. "ஐயோ" என்றார். அவ்வளவுதான், முன்னால் ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

நான்கைந்து மேஜைகள் போட்ட சின்ன அறை. ஜன்னல் சாத்தியிருந்தது. மூலை மேஜையில் மட்டும் ஒரு தலைவாழை இலை போட்டுச் சாதம், சாம்பார், வடை, அவியல், கேசரி, தயிர் எல்லாம் பரிமாறியிருந்தது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு சின்ன விளக்கு. என் கணவர் அந்த இலையின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உப்பு வேண்டாம், தயிர் வேண்டாம், இனிப்பு வேண்டாம் என்ற மனுஷர். வடையைப் பிட்டு சாம்பாரில் தோய்த்தார். கேசரியை வழித்தார். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவர்கள் அப்படித்தான் சாப்பிடுவார்கள்; அவசரமாக, ஒருவரையும் பார்க்காமல், மூச்சு வாங்க. விளக்கின் வெளிச்சத்தில் சுவரில் அவருடைய நிழல் குனிந்து குனிந்து நிமிர்ந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை; கிட்டே போகவே பயமாக இருந்தது.

"அது எங்களுக்குப் போட்ட எலதானுங்களே?" என்று சகாதேவனிடம் கேட்டேன். கரண்ட் இல்லை என்று விளக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவர் பதில் சொல்வதற்குள் சமையற்கட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. சகாதேவனின் மனைவி உண்ணாமலை. கையில் முறம் வைத்திருந்தாள், இலையை அதில் வைத்து எடுத்துப்போக வந்தவள் போல. இலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முறம் கீழே விழுந்தது.

"வந்துட்டியாப்பா" என்றாள்.

அவர் நிமிரவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுதுகொண்டே எழுந்து போய்ச் சாதம் கொண்டுவந்து போட்டாள். அவர் அதையும் சாப்பிட்டார்.

சகாதேவன்தான் என்னை வெளியே அழைத்து வந்து சொன்னார். அவர்களுடைய ஒரே மகன் காசி. டவுனில் ஓட்டல் வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. போன வருஷம் கிணற்றில் மோட்டார் இறக்கப் போனவன் உள்ளேயே போய்விட்டான். நிலத்தை விற்றுவிட்டு வந்து அவன் பெயரிலேயே இந்த ஓட்டலை வைத்திருக்கிறார்கள். காசி கொல்லையில் பயிர் வேலை முடித்து வந்து சாப்பிடுகிற நேரம் பொழுது சாய்கிற நேரம். அதனால் தினமும் அந்த நேரத்துக்கு முதல் இலை அவனுக்கு. கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, பிறகு மாடிக்குக் கொண்டுபோய்க் காக்கைக்கு வைப்பார்கள். இலையை எடுத்த பிறகுதான் அறையைத் திறப்பார்கள்.

"ஆனா காக்கா தொடறதே இல்லம்மா" என்றார் சகாதேவன். "கருமாதிக்கும் தொடல, வருசாந்திரத்துக்கும் தொடல. எங்கூட்டுக்காரி எல்லாக் கோயிலுக்கும் வேண்டிக்கினா. எந்தக் காக்காக்கும் மனசு எறங்கல. இன்னிக்குத்தான்..." என் கையிலிருந்த கூஜாவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்குத் தனியாகச் செய்திருந்த சாப்பாடு வந்தது. நான் தொடவில்லை. பொழுது சாய்ந்துவிட்டதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்.

வீட்டுக்கு நடக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்னாங்க இப்பிடிப் பண்ணிட்டீங்க? ஒரு வார்த்த கேக்க வேணாமா? செத்தவனுக்கு வெச்ச எலைங்க அது. தெரியாம உக்காந்துட்டீங்க, சரி, ஊர்ல யாருக்காவது தெரிஞ்சா..."

"தெரிஞ்சிதான் உக்காந்தேன்" என்றார்.

நான் நின்றுவிட்டேன். தெருவில் ஒரு மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போனது.

"ஆபீஸ்ல எத்தன பேர் வீட்டுக்குக் கருமாதிக்குப் போயிருக்கேன். படையல் தெரியாதா எனக்கு? எலையப் பாத்ததும் தெரிஞ்சிச்சு." அவர் நிதானமாகத்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. "உயிரோட இருக்கறவங்க சாப்பாடு எனக்கு எறங்க மாட்டேங்குது குசுமா. அது எறங்கிச்சு."

மறுநாள் காலையில் வீட்டில் கஞ்சி வைத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுப் பாத்திரத்தைத் தள்ளினார். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தார், முகம் கழுவினார், வேட்டி மாற்றினார், செங்கம் ரோட்டைப் பார்க்க நடந்தார். அதற்கு அடுத்த நாளும் போனார். நானும் கூஜாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் சாப்பிட்டு முடித்து எழுந்ததும் உண்ணாமலை அந்த இலையை மடிக்காமல் அப்படியே எடுத்துப் போவாள். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கு அறையைத் திறப்பார்கள். கல்யாணமான புதுசுகளும் பிள்ளைகுட்டிக்காரர்களும் சிரித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். அந்த மூலை மேஜையில் உட்கார்ந்து ரவா தோசை கேட்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

தீபாவளி போய்க் கார்த்திகை வந்தது. அவருக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. சட்டை தோளில் நின்றது. சாந்திகுமாருக்கு விஷயம் தெரிந்து ஒரு நாள் வீட்டுக்கு வந்து குதித்தான்.

"அக்கா, மாமா பேயி பிசாசுக்கு வெக்கறதத் துன்றாருன்னு நம்மாளுங்க பேசிக்கறாங்க. மானம் போவுது. நீயும் கூடவே போய்க் குந்திக்கினு இருக்கியாமே?"

"நீதானடா இட்டுக்கினு போன்னு சொன்ன? ரெண்டு வாய் சாப்பிடுவாருன்ன. சாப்பிடறாரு. போய் உன் வேலையப் பாரு" என்றேன். அவன் குடையைக்கூட எடுக்காமல் போனான்.

அவனிடம் அப்படிப் பேசிவிட்டேனே ஒழிய, எனக்கும் பயம் இருக்கத்தான் இருந்தது. ஏனென்றால் உண்ணாமலையின் கை மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வந்தது. முதல் வாரம் எங்கள் வழக்கத்தை நினைத்துப் பார்த்துச் சமைத்தாள். பிறகு மறந்தாள். மறந்தாள் என்று சொல்வது தப்பு. அவள் மகனுக்குப் பிடித்ததைப் போட்டாள். ஒரு நாள் இலையில் மஞ்சளாக, வெங்காயம் மினுங்க, உருளைக்கிழங்கு மசாலா இருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு கிழங்கைத் தொடாத கை என் கணவருடையது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் அதைத்தான் முதலில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நன்றாகப் பழகிய ருசியைச் சாப்பிடுகிறவர் முகம் அது.

"காசி, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோப்பா" என்றாள் உண்ணாமலை.

"போதும்மா" என்றார் என் கணவர்.

குரல் அவருடையதுதான். ஆனால் அந்தச் சலுகை, அந்த இழுவை, என்னோடு குடித்தனம் பண்ணிய மனுஷரிடம் நான் கேட்டதே இல்லை. அவருடைய தாயார் அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். யாரையும் அவர் அம்மா என்று கூப்பிட்டு வளரவில்லை. நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அறையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். எனக்கென்னவோ நான் ஒருத்திதான் அதிகப்படி என்று தோன்றியது.

அன்றிலிருந்து வீட்டிலும் அவர் பாதி ஆளாகத்தான் இருந்தார். கூப்பிட்டால் ஒரு நிமிஷம் கழித்துத் திரும்புவார். ஜினமதியின் பெயரை எடுத்தால், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்பது போல, "ம், பாவம்" என்பார். அந்தப் பாவம் என்ற வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் செத்துப்போவார் என்று பயந்தேன். அது போய், என் புருஷனாகவும் என் பெண்ணுக்கு அப்பாவாகவும் இருந்தவர் இல்லாமல் போய், வேறு யாரோ அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு நடமாடுவார் என்ற பயம் பிடித்துக்கொண்டது. இரண்டில் எது மோசம் என்று தெரியாமல் தவித்தேன்.

ஒரு காலையில் அவர் ஆபீசுக்குப் போனதும் ஓட்டலுக்குப் பின்வழியாகப் போனேன். உண்ணாமலை கிணற்றடியில் வாழை இலை கழுவிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, அந்த எலைய நிறுத்திடுங்க" என்றேன். நயமாகப் பேச வேண்டும் என்று நினைத்துப் போனவள்தான். வாய்க்கு வந்தது அதுதான். "என் வீட்டுக்காரர எனக்குத் திருப்பிக் குடுங்க."

அவள் கோபப்படவில்லை. இலையில் தண்ணீரை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நானா புடிச்சி வெச்சிருக்கேன்? அவரா வராரு, அவரா குந்தறாரு. எம்புள்ள பசியாறுது. அவருக்கும் உசுரு நிக்குது. நான் எல போடலன்னா உங்கூட்ல துன்னுவாரா? சொல்லு, துன்னுவாரா?"

"மாட்டாரு."

"அப்புறம்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். வயதில் என்னைவிடப் பெரியவள். என் முகவாயைத் தொட்டுப் பேசினாள்.

"ஏம்மா, உங்கூட்லயும் பொண்ணு செத்துருக்குதாமே. கொமரிப் பொண்ணாமே. அதுக்கு ஒரு எல போட்டியா?"

"எங்கள்ல அதெல்லாம் கெடையாதுங்க. உயிர் போனா உடனே வேற பொறப்பு. நடுவுல பசி தாகம்னு எதுவும் இல்ல."

"உனக்கு இல்லம்மா" என்றாள் உண்ணாமலை. "அந்த மனுசனுக்கு இருக்குது போல. அதான் எங்கூட்டு எலையில வந்து குந்தறாரு. போற எடம் தெரியாம எம்புள்ளயோடதுல கைய வெக்கறாரு."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஜினமதி போனதிலிருந்து அவ்வளவு அழுததில்லை. உண்ணாமலை மேல் ஆத்திரம், அவர் மேல் ஆத்திரம், இது எல்லாவற்றுக்கும் கணக்காக ஒரு பதில் வைத்திருக்கிற எங்கள் பெரியவர்கள் மேல் அதைவிட ஆத்திரம். அழுது முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வாழை இலை வாங்கி வந்தேன்.

ஜினமதிக்கு எலுமிச்சம்பழச் சாதம் என்றால் உயிர். அதில் வேர்க்கடலை நிறைய இருக்க வேண்டும். வாழைக்காய் வறுவல் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். சேமியா பாயசத்தில் முந்திரியைத் தேடித் தேடி முதலில் தின்றுவிடுவாள். எல்லாம் செய்தேன். அவள் போன பிறகு இதில் ஒன்றையும் நான் அடுப்பில் ஏற்றியதில்லை. உப்புப் பார்க்கவில்லை. படையலுக்குச் செய்வதை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், அது மட்டும் எனக்குத் தெரியும். கூடத்தில் இலை போட்டேன். பரிமாறினேன். விளக்கை ஏற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் குலத்தில் எனக்கு முன்னால் இதை எந்தப் பெண்ணும் செய்திருக்க மாட்டாள்.

அவர் ஆபீசிலிருந்து வந்தார். முகம் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு, வாசலுக்குப் போகத் திரும்பியவர் இலையைப் பார்த்தார்.

"யாருக்கு இது?"

"ஜினமதிக்கு."

அவர் சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது போல, "நம்மள்ல படையல் ஏது குசுமா? அவ எங்கியாவது போய்ச் சேந்துருப்பா. ஏதோ ஒரு வயித்துல இருப்பா" என்றார்.

செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டார். இன்னொரு காலையும் நுழைத்தால் போய்விடுவார். போனால் காசியாகத்தான் திரும்பி வருவார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"போவல" என்றேன்.

"என்னா?"

"அவ எங்கியும் போவல. பொறக்கவும் இல்ல. இங்கதான் இருக்கா. அன்னிலேர்ந்து இங்கதான் நிக்கறா, ஒரு வாய் சோறில்லாம. நாம யாரும் போடல." என் வாயிலிருந்து வருவதை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை நிலைப்படியைக் காட்டினேன். "தோ, அங்க. அந்தக் கதவோரமா. நீங்க துன்னாத்தான் அவளுக்குப் போவும். துன்னுங்க."

அவர் நிலைப்படியைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எதையோ தேடி, ஒரு இடத்தில் போய் நின்றது. செருப்பிலிருந்து காலை எடுத்தார். வந்து இலையின் முன்னால் உட்கார்ந்தார்.

எலுமிச்சம்பழச் சாதத்தை ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். தோள் குலுங்கியது. அப்புறம்தான் சத்தம் வந்தது. எங்கள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போன அன்று அவரிடமிருந்து வராத சத்தம். அழுதுகொண்டே சாப்பிட்டார், சாப்பிட்டுக்கொண்டே அழுதார், சாதம் வாயிலிருந்து சிந்தியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தேன். வந்துவிட்டார். என் மனுஷர்தான், வேறு யாரும் இல்லை. எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

அன்று செங்கம் ரோட்டில் உண்ணாமலை இலை போட்டுவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள். என்ன செய்ய? அவளுடைய பிள்ளைக்கு அவள்தான் பார்க்க வேண்டும்.

பாயசம் வரைக்கும் சாப்பிட்டு முடித்த பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கோபமாகப் பேசினார்.

"இத்தன நாளா ஏண்டி சொல்லல? கொழந்த இங்கயே பசியோட நிக்கறான்னு ஒரு வார்த்த ஏண்டி சொல்லல?"

நான் என்ன சொல்வேன்? சும்மாதான் சொன்னேன், உங்களைச் சாப்பிட வைக்கச் சொன்னேன் என்றா சொல்ல முடியும்? "இனிமே தெனம் போடறேங்க" என்றேன்.

போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் பிழைத்துக்கொண்டார், ஆபீஸில் பதவி உயர்வுகூட வந்தது. பொழுது சாய்வதற்கு முன்னால் கூடத்தில் இலை விழும், அவர் உட்கார்ந்து சாப்பிடுவார், நிலைப்படிப் பக்கம் பார்த்து அன்றைய சமாசாரம் ரெண்டு சொல்லுவார். எனக்குத் தெரிந்து, நான் கையைக் காட்டிய அன்று அந்தக் கதவோரத்தில் ஒன்றும் இல்லை. வெறும் சுவர்தான் இருந்தது. இப்போது சமையலறைக்குள் பாத்திரம் எடுத்துக்கொண்டு போகும்போது நான் அந்தப் பக்கம் இடிக்காமல், கொஞ்சம் ஒதுங்கித்தான் போகிறேன்.